எழும்பூர் மியூசியம்: எல்லாம் கலந்து கிடக்கும் இடத்துக்கு ஒரு நாள் போதுமா?

மே 3, 2024 (கேள்வி)

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். மறுநாள் முழுசாகக் கையில் இருக்கிறது. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. எழும்பூர் மியூசியம் போகலாம் என்றேன். மச்சானுக்கு இஷ்டமில்லை. "அங்கே திமிங்கல எலும்பும் இருக்கும், சாமி சிலையும் இருக்கும், பழைய காசும் துப்பாக்கியும் இருக்கும். கதம்பம். எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. அதற்கு வண்டலூர் போனால் பிள்ளைகள் சந்தோஷப்படும்" என்கிறார். அவர் சொல்வது சரியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 3, இரவு 9.40

மச்சான் சொல்வதில் பாதி சரி தம்பி. 16 ஏக்கருக்கு மேல் வளாகம், ஆறு கட்டடம், 46 கூடம். அத்தனையையும் பார்த்துவிடுவோம் என்று இறங்கினால் சாயங்காலம் கால்வலிதான் மிஞ்சும்.

நான் ஆறாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வரிசை. எங்கேயாவது நின்றால் பின்னாலிருந்து அதட்டல். ஒரு மணி நேரத்தில் எல்லாக் கூடமும் சுற்றியாயிற்று, மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலம் பிரித்தாயிற்று. அன்று பார்த்ததில் இன்றைக்கும் கண்ணில் நிற்பது முன்னால் நடந்த பெண்ணின் நீல ரிப்பன் மட்டும்தான். அறுபது அடித் திமிங்கலத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், பார்க்கவில்லை.

அதனால் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். மற்றதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

மே 4, காலை 7.15

"அடுத்த தடவை வர அஞ்சு வருஷம் ஆகும்க்கா" என்று தம்பி பதில் போட்டிருக்கிறார். நியாயம். நேற்று நான் சொன்னது, பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் எழும்பூர் போய்விடுகிற ஆள் சொன்ன யோசனை. மாற்றிக்கொள்கிறேன். மூன்று பொருள். காலையில் ஒன்று, வெயில் ஏறியதும் ஒன்று, சாப்பிட்டுவிட்டு ஒன்று.

கதம்பம் என்ற குறைக்கும் வருகிறேன். எனக்கும் ரொம்ப காலம் அந்தக் குழப்பம் இருந்தது. திமிங்கலத்தையும் நடராஜரையும் ஒரே வளாகத்தில் வைத்தால் எந்த நினைப்போடு போய்ப் பார்ப்பது? பல வருஷம் போய் வந்த பிறகு ஒரு வழி கிடைத்தது. எதன் முன்னால் நின்றாலும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: இது எப்படி இங்கே வந்தது? எலும்பானாலும் கல்லானாலும் செம்பானாலும் இந்தக் கேள்வி செல்லும். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு அது கதம்பமாகத் தெரியவில்லை.

மகளுக்குத் திமிங்கலத்தைக் காட்டுங்கள். 1874-இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு கரையில் கிடந்தால் நாற்றம் எத்தனை மைல் போயிருக்கும்! சதையை அறுத்து, எலும்பை வெளுக்க வைத்து, ஒவ்வொரு முள்ளெலும்பும் எந்த வரிசையில் வரும் என்று குறித்து, சென்னைக்குக் கொண்டுவந்து திரும்பக் கோத்திருக்கிறார்கள். துடுப்பை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மீனின் துடுப்பு மாதிரி இருந்தது, உள்ளே தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று எலும்பு எலும்பாகப் பிரிந்து கிடக்கும். அவள் தன் கையைப் பக்கத்தில் நீட்டி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வாயில் பல் இருக்காது. கடல்நீரைச் சல்லடை மாதிரி வடித்துச் சின்ன உயிர்களைத் தின்னும் ஜாதி அது. என் அண்ணன் மகள் அரை மணி நேரம் பல்லைத் தேடினாள்.

மே 4, காலை 7.40

வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். கல்யாணம் வியாழன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

மே 5

நீங்கள் ஸ்ரீவைகுண்டம் என்பதை இப்போதுதான் சரியாகப் படித்தேன். அடடா, பையனுக்கு வேறெதுவும் தேட வேண்டாம். ஆதிச்சநல்லூர் பொருள்கள் எழும்பூரில்தான் இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி போகும்போது சன்னலில் தெரியுமே அந்தப் பரம்பு, பழங்காலப் புதைகாடான அந்த மேடு, அங்கிருந்து வந்தவை.

1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டிக் கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்புறம் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் 1899 முதல் 1905 வரை தோண்டினார். அவர் எடுத்தவை சென்னைக்கு வந்தன. முதுமக்கள் தாழி, இரும்பு வாள், ஈட்டிமுனை, வெண்கலப் பாத்திரம், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம். பட்டம் என்றால் கிரீடம் மாதிரி கனமாக நினைக்காதீர்கள். இலை மாதிரி மெல்லிய தகடு, மேலே புள்ளியும் கோடும் குத்தி வரைந்திருக்கும். இரண்டு முனையிலும் கட்டுவதற்கு வழி.

வெண்கல மூடிகளின் மேல் எருமை, மான், பறவை என்று குட்டிக் குட்டி உருவங்கள் நிற்கும். விரல்நுனி அளவு எருமைக்குக் கொம்பு வளைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் எருமையைத் தினம் பார்த்தவன் கை அது.

பையனுக்குச் சொல்ல ஒன்று. தாழிகளைச் சுற்றிக் கிடைத்த இரும்பு ஆயுதங்கள் முனை கீழே பார்த்தபடி, மண்ணில் குத்திய மாதிரி இருந்தன என்று ரீ எழுதிவைத்தார். புதைக்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் குத்திவிட்டுப் போயிருப்பார்கள் என்று அவர் நினைத்தார். பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்தன. வாளில் துணி ஒட்டியிருந்த தடம் இருந்தது. கண்ணாடிக்குள் துருப்பிடித்த கம்பியாகத் தெரிவதை இந்தச் செய்தியோடு பார்த்தால் நிற்கத் தோன்றும்.

மே 5, மதியம்

ஒருத்தர் கேட்டிருக்கிறார்: ஊர்ப் பொருளைப் பார்க்க 600 கிலோமீட்டர் தாண்டி வரணுமா என்று. வரணும் என்ற நிலை எனக்கும் உறுத்தல்தான். அன்றைக்கு மதராஸ் மாகாணம் முழுவதுக்கும் ஒரே இடம். மங்களூரும் அமராவதியும் மலபாரும் ஆதிச்சநல்லூரும் ஒரே அலமாரிக்கு வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணம். அப்போதைய எல்லை போய்விட்டது, அலமாரி மட்டும் அப்படியே இருக்கிறது.

மே 7

எங்கள் பாட்டி இதை மியூசியம் என்று சொன்னதே இல்லை. 'செத்த காலேஜ்' என்பாள். மூர்மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. காணும் பொங்கலன்று இரண்டு காலேஜுக்கும் போய்விட்டு மெரினாவில் மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டால்தான் அவளுக்குப் பண்டிகை முடியும். எழும்பூரில் பாடம் செய்த விலங்குகள் இருப்பதால் செத்தது, அங்கே உயிரோடு இருப்பதால் உயிர். காலேஜ் ஏன் என்றால், பெரிய கட்டடத்துக்கெல்லாம் அந்தக் கால ஜனங்கள் காலேஜ் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மே 8

நேற்று எழுதியது தப்பு. பெரிய கட்டடம் என்பதற்காக வந்த பெயர் இல்லை. நிஜமாகவே காலேஜில்தான் தொடங்கியது. 1851-இல் மதராஸ் இலக்கியச் சங்கத்தின் முயற்சியால், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில், 1,100 கல், கனிம மாதிரிகளோடு ஆரம்பித்தார்கள். எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர் பொறுப்பு. இந்தியாவில் கல்கத்தாவுக்கு (1814) அடுத்தது இதுதான். 1854-இல் எழும்பூருக்கு மாறியது. இடம் மாறியும் ஜனங்கள் காலேஜ் என்ற பெயரை விடவில்லை. பாட்டி வாயில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருந்திருக்கிறது. நான் சும்மா கொச்சை என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று. தம்பி, இதை மச்சானுக்குக் காட்டுங்கள். பால்ஃபோர் 1855-இல் மியூசியம் வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலை ஆரம்பித்தார். கூட்டம் தாங்கவில்லை. மிருகங்களும் பெருகின. 1860-களில் அதை மூர்மார்க்கெட் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அங்கிருந்து 1985-இல் வண்டலூர் போனது. அவர் போகச் சொல்லும் வண்டலூர், எழும்பூரில் பிறந்த பிள்ளை.

மே 8, இரவு

பாந்தியன் சாலை என்பதைப் பாண்டியன் சாலை என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். பாந்தியன் அங்கிருந்த கட்டடத்தின் பெயர். கம்பெனிக்கார வெள்ளையர்கள் கூடி ஆடிப்பாடிய மண்டபம். பிறகு மூரட் என்ற ஆர்மீனிய வணிகரிடம் போய், 1830-இல் அரசாங்கம் வாங்கியது. அதே வளாகத்தில் கன்னிமரா நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறந்தது. நான் வேலைக்குப் பரீட்சை எழுதிய காலத்தில் காலை முழுதும் கன்னிமரா, கண் எரிந்தால் பக்கத்தில் வெண்கலச் சிலைகள். எனக்கு மியூசியம் பழகியது அப்படித்தான். யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை.

மே 11

மூன்றாவது பொருள். வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி.

மகளைக் கைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று இருக்கும். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் அம்மைக்கு ஒன்று. சேர்த்து நான்காக ஆக்கியிருக்கலாம், ஸ்தபதி ஆக்கவில்லை. வலது தொடையில் ஆடை மேலேயே நின்றுவிடும், இடது காலில் கணுக்கால் வரை மடிப்பு மடிப்பாக இறங்கும். இடுப்பு இடப்பக்கம் ஒரு வளைவு வளையும், வலப்பக்கம் நேராக இறங்கும். இரண்டும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று நடுக்கோட்டைத் தேடிப் பாருங்கள், பிடிபடாது. நான் எத்தனையோ தடவை தேடியாயிற்று. முகத்துக்கு வந்தால் இரண்டு பேரும் ஒருத்தர்தான்.

இது எப்படி இங்கே வந்தது? அந்தக் கூடத்துச் சிலைகளில் நிறைய மண்ணுக்கடியிலிருந்து வந்தவை. ஆபத்துக் காலத்தில் கோயில்காரர்கள் புதைத்து வைத்தார்கள். எங்கே புதைத்தோம் என்று தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பல நூற்றாண்டு கழித்து யாரோ கடைக்கால் தோண்டும்போது மண்வெட்டியில் இடித்தது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ளது கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அந்தத் தாலுகா ஆபீஸ் வழியாகத்தான் சிவனும் பார்வதியும் எழும்பூர் வந்தார்கள்.

மே 11, கொஞ்சம் கழித்து

புதைந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பூஜையில் இருந்த பழைய சிலைகளைப் பாருங்கள், பால், தேன், தேய்ப்பு என்று தினம் பட்டுப் பட்டு மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். மண்ணில் கிடந்ததில் நகைகளின் கோடுகூடக் கூர்மையாக நிற்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு சாண் உயரக் கிருஷ்ணர் உண்டு. பாட்டி வெள்ளிக்கிழமை தோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள், பொன்னாக மின்னும். இன்று அவருக்கு மூக்கு இருந்த இடம் ஒரு மேடு. கண் இரண்டும் சின்னப் பள்ளம். பாட்டியின் கட்டைவிரல் அறுபது வருஷம் போய் வந்த தடம் அது. அதை நான் பாழ் என்று சொல்ல மாட்டேன். அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் கிருஷ்ணரும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்திருப்பார் என்று தோன்றும்.

மே 12

புளி போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: வீட்டுப் பித்தளைக்குப் பெரிய கேடில்லை, தேய்மானம்தான். மண்ணில் கிடந்த வெண்கலத்தில் கை வைக்கவே கூடாது. உப்பு உள்ளே இறங்கியிருக்கும். ஈரக்காற்று பட்டால் அது செம்பைத் தின்ன ஆரம்பித்து, வெளிர்பச்சையாகப் பொடி பொடியாக உதிரும். துடைத்தாலும் மறுபடி வரும். வெண்கல நோய் என்றே சொல்வார்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊருக்கு அது சாபம்.

இதற்காகவே 1930-இல் எழும்பூரில் வேதிப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்சாரத்தை ஓடவிட்டு அந்த உப்பை வெளியேற்றி, பச்சைக் கட்டிக்குள் மறைந்திருந்த உருவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். நடராஜர் படத்தை வீட்டில் மாட்டாத தமிழன் குறைவு, பரமசிவன் பெயர் தெரிந்தவர் அதைவிடக் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. திருவாலங்காட்டு நடராஜரின் முன்னால் நின்றால் அவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மே 14

ஒரு தடவை ஒரு வழிகாட்டி, ரோடன் என்ற பிரெஞ்சுச் சிற்பி சென்னைக்கு வந்து இந்த நடராஜரின் முன் மெய்ம்மறந்து நின்றார் என்று ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பல வருஷம் அதையே பிள்ளைகளிடம் சொல்லி வந்தேன். ரோடன் சென்னைக்கு வரவில்லை. மியூசியத்து நடராஜர்களின் புகைப்படங்கள்தான் பாரிசில் அவர் கைக்குப் போயின. அதைப் பார்த்துத்தான் 1913-இல் எழுதினார், அவர் இறந்த பிறகு 1921-இல் அச்சாயிற்று. புகைப்படமே அந்த ஆளை அப்படிப் பிடித்துக்கொண்டது என்றால் நேரில் நிற்கக் கிடைத்த நமக்கு எவ்வளவு கொடுப்பினை!

மே 15

அதே கூடத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களையும் விட்டுவிடாதீர்கள். ஸ்ரீவிஜய அரசன் நாகையில் கட்டிய விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். கடலுக்கு அப்பால் இருந்த ராஜா, சோழ மண்ணில் புத்தருக்குக் கோயில், அதற்குச் சைவ அரசன் நிலம். 1856 தொடங்கி அங்கே தோண்டும்போதெல்லாம் 350 அளவில் வெண்கலங்கள் கிடைத்தன. பல ஊர்களுக்குப் பிரிந்து போயின, ஒரு பங்கு எழும்பூரில். அந்தக் கொடையை எழுதிய ஆனைமங்கலச் செப்பேடு நெதர்லாந்தில் லைடனுக்குப் போனது. பத்திரம் ஒரு கண்டத்துக்கு, சாமி ஒரு கண்டத்தில்.

மே 17

"எப்படி வந்தது என்று கேட்டால் எல்லாம் நல்ல கதையாகவே வருதே" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். வராது. நான் நல்லதாகப் பொறுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமராவதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் பெரிய ஸ்தூபம். மெக்கன்சி என்ற கம்பெனி அதிகாரி 1797-வாக்கில் முதலில் பார்த்தபோதே கட்டுமானத்துக்கு ஆள்கள் செங்கல்லையும் கல்லையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிற்பப் பலகை சுண்ணாம்புக் கல் என்பதால் சூளையில் போட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். 1845-இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் வெளியே கிடந்தன. 121 கற்கள் 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின, பிறகு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. இங்கே தங்கியதைப் பத்திரப்படுத்துகிறோம் என்று சுவரில் சிமென்ட் வைத்துப் பதித்தார்கள். அந்தச் சிமென்ட்டிலிருந்து உப்பு ஊறி, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. காப்பாற்றப் பூசியதே அரித்தது. பின்னாளில் பாதுகாப்பு வல்லுநர்கள் அதை எவ்வளவு பொறுமையாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது!

ஒரு பலகையில் மதம் பிடித்த நளகிரி யானை புத்தரின் காலடியில் அடங்கும் காட்சி இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வரும். முதலில் ஆளைத் தூக்கி வீசுகிறது, அடுத்து மண்டியிடுகிறது. மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். யானையைப் பார்த்துவிட்டு அவர்கள் முகத்தையும் பாருங்கள்.

மே 18

தர்ஸ்டனைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. எட்கர் தர்ஸ்டன், 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளர். மன்னார் வளைகுடாச் சங்கு, முத்து, மீன் என்று தொடங்கியவர் மனிதர்களிடம் வந்தார். அளவுகோலும் இடுக்கியும் வைத்துக்கொண்டு தலை நீளம், மூக்கு அகலம் என்று சாதி சாதியாக, பழங்குடி பழங்குடியாக அளந்தார். உதவியாளர் ரங்காச்சாரியோடு சேர்ந்து எழுதிய, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-இல் வந்தன. இன்றைக்கும் ஒரு சமூகத்தின் பழைய பழக்கவழக்கத்தைத் தேடினால் அந்தத் தொகுதிகளைத்தான் எல்லாரும் புரட்டுகிறார்கள். நானும் புரட்டியிருக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தோழிக்கு ஊர் கோத்தகிரிப் பக்கம். அவளை மானுடவியல் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். நீலகிரிப் பொருள்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு கூடையைக் காட்டி, "இது எங்க வீட்டுப் பரண்ல இருக்கு, போன வாரம்கூட அம்மா இதுலதான் கிழங்கு வச்சிருந்தாங்க" என்றாள். எனக்கு அருங்காட்சிப் பொருள், அவளுக்கு அம்மாவின் கூடை. அளக்கப்பட்டவர்களின் பேத்தி பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கூடத்தை நான் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

மே 18, இரவு

தர்ஸ்டன் பற்றிக் காரமாக எழுதிவிட்டோமோ என்று யோசித்தேன். இல்லை, இருக்கட்டும். ஆனால் அதே இடத்தில் 1940-இல் முதல் இந்தியக் கண்காணிப்பாளராக வந்த ஏ. ஐயப்பனும் மானுடவியலாளர்தான். அவர் நீண்ட காலம் இருந்தார். அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

மே 20

சிறுவர் அருங்காட்சியகத்துப் பக்கம் நிற்கும் டைனோசர் பொம்மைகளை விட்டுவிட்டேன் என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டார். மன்னிக்கணும். பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான், போட்டோ எடுக்காமல் நகராது.

பொம்மைக்குப் பக்கத்தில் நின்று ஒரு நிஜக் கதை சொல்லுங்கள். அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற ஊரில் பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1980-களின் கடைசியில் அதைப் பற்றி எழுதி, புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புள்ள பல்லி என்று அர்த்தம். உலகத்தில் நடந்த மிகப்பெரிய விலங்குகளின் பட்டியலில் இன்றும் அந்தப் பெயர் அடிபடுகிறது. ஆனால் எலும்பு இல்லை. மழையில் ஊறி, நொறுங்கி, மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. மிஞ்சியது வரைபடமும் படமும்தான்.

1874-இல் மங்களூரிலிருந்து ஒரு திமிங்கலத்தையே பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்த முடிந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு கல்லமேட்டு எலும்பு கரைந்தது. வந்து சேர்ந்ததைப் பார்க்கும்போதெல்லாம் வராமல் போனதும் எனக்கு ஞாபகம் வருகிறது.

மே 22

நடைமுறை. செந்தூர் எக்ஸ்பிரஸ் எழும்பூரில்தான் நிற்கும், ஆட்டோவில் ஐந்து நிமிடம். தண்ணீர் பாட்டில், தொப்பி. கட்டடத்துக்குக் கட்டடம் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். எந்தெந்தக் கூடம் அன்று திறந்திருக்கிறது என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆதிச்சநல்லூரை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், பையன் களைப்பாக இல்லாதபோது.

ஜூன் 2

தம்பி போய் வந்து நீளமாக எழுதியிருக்கிறார். மகள் திமிங்கலத்தின் துடுப்புக்கு முன்னால் கையை விரித்து வைத்தபடி போட்டோ. அர்த்தநாரிக்கு மூன்று கை என்று எண்ணியது அவள்தானாம், இன்னொரு கை எங்கே என்று அப்பாவைத் துளைத்தாளாம். மச்சானும் வந்தார். முதலில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர், ஆதிச்சநல்லூர்த் தாழியைப் பார்த்ததும் "இந்த வழியா எத்தனை தடவை சைக்கிள்ல போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடத் திரும்ப உள்ளே போக வேண்டியிருந்தது என்கிறார். வண்டலூர் போக நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 9

பையனே எழுதியிருக்கிறான், அப்பா போனிலிருந்து. ஊருக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பரம்புக்குப் போனானாம். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பாக ஒரு ஓட்டுத்துண்டு கிடந்ததாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். "ஆன்ட்டி, இத எழும்பூருக்கு அனுப்பினா எப்படி வந்துச்சுன்னு என் பேர எழுதி வைப்பாங்களா?"

கண்ணா, நல்ல கேள்வி. ஆனால் அந்த இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அந்த ஓடு கிடந்த இடம்தான் அதன் பேச்சு. எந்தத் தாழிக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று ரீ குறித்து வைத்ததால்தான் அந்த வாள் முனை கீழே பார்த்து நின்றது உனக்கும் எனக்கும் தெரிந்தது. அடுத்த ஞாயிறு அப்பாவோடு போய், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அங்கே இருக்கும் காவலரிடம் சொல்லிவிட்டு வா. வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒரு போட்டோ எடு, அப்போதுதான் ஓடு எவ்வளவு பெரியது என்று தெரியும். போட்டோவின் கீழே தேதியும் இடமும் எழுதி, உன் பெயரையும் எழுதிக்கொள். எனக்கும் ஒன்று அனுப்பு.